ஆயிரம் கார்டும் ஒரு ராஜினாமா கடிதமும்: 2008-இல் வெண்ணாற்றங்கரையிலிருந்து எம்.பி.க்களிடம் போர்நிறுத்தம் கேட்டபோது நடந்தவை

2008 அக்டோபர் மூன்றாவது வாரத்தில் ஒருநாள் காலையிலேயே எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகத்தில் இருந்த 50 காசு கார்டு மொத்தமும் தீர்ந்துபோய்விட்டது. போஸ்ட்மாஸ்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுன் தபால் ஆபீசுக்குப் போய் இன்னும் சில கட்டுகள் வாங்கி வந்தார். நாலைந்து நாளில் ஆயிரத்துச் சொச்சம் கார்டு எழுதினோம். தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று டெல்டாவின் மூன்று எம்.பி.க்களுக்கும் பிரித்துப் போட்டோம். இலங்கையில் போரை நிறுத்தச் செய்யுங்கள், முடியாவிட்டால் பதவி விலகுங்கள், இவ்வளவுதான் அதில் இருந்தது.

போர் நிற்கவில்லை. அடுத்த ஏழு மாதத்தில் முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்று இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்த வரலாற்றை மறுபடி சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. ஒரு கிராமத்து ஆட்கள் தங்கள் எம்.பி.யிடம் போய் ஒரு போரை நிறுத்தச் சொல்லிக் கேட்டால் அந்தக் கோரிக்கை எந்த வழியாகப் போகிறது, எந்த மேஜையில் நின்றுவிடுகிறது, வேறு எப்படிக் கேட்டிருக்கலாம் என்பதைத்தான் எழுதுகிறேன். இவ்வளவு வருடம் கழித்தும் அந்தக் கார்டுகளைப் பற்றி யோசிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

எப்படி ஆரம்பித்தது

அக்டோபர் 14 அன்று சென்னையில் முதல்வர் கருணாநிதி தலைமையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் நடந்தது. இரண்டு வாரத்துக்குள் இலங்கையில் போர்நிறுத்தம் வர மத்திய அரசு வழி செய்யாவிட்டால் தமிழக எம்.பி.க்கள் பதவி விலகுவார்கள் என்று தீர்மானம். கெடு அக்டோபர் 28. அந்த வருடம் தீபாவளி 27-ஆம் தேதி.

அப்போது எங்கள் ஊரில் பெரும்பாலான வீடுகளில் இரவு 9.15-க்கு ரேடியோவில் பி.பி.சி. தமிழோசை செய்தி ஓடும். கிளிநொச்சியைச் சுற்றி சண்டை நெருங்குகிறது, வன்னியில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டுப் பெண்கள் சாப்பிடாமல் படுத்த இரவுகள் உண்டு. கோடியக்கரையில் நின்றால் எதிரே இருப்பது யாழ்ப்பாணம். வேதாரண்யம், நாகப்பட்டினம் மீனவர்களுக்கு அது தொழில் செய்யும் கடல். அந்த ஜனங்களை அந்நியர்களாக நினைக்க எங்களால் எப்படி முடியும்?

கார்டு யோசனை யாருடையது என்று எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. கூட்டுறவு சங்கத்துத் திண்ணையில் சாயங்காலம் உட்கார்ந்து எழுதினோம். சம்பா நடவு முடித்து சேறு காயாத காலோடு வந்த அக்காக்கள் வரிசையில் நின்றார்கள். எழுதத் தெரிந்த பையன்கள் எழுத, தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல கேட்டு எழுதி, கடைசியில் சங்கத்து மைப்பெட்டியில் கட்டைவிரலை வைத்து ஒரு ரேகை. ஒரு பாட்டி வைத்த ரேகை சரியாக விழவில்லை. வருடக்கணக்கில் நாற்றுப் பறித்துப் பறித்து விரலில் கோடே தேய்ந்துபோயிருந்தது. மூன்று தடவை வைத்துப் பார்த்துவிட்டு, “சரி தம்பி, என் பேரை நீயே பெருசா எழுது” என்றார்.

இரண்டாவது நாளில் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். எல்லோருக்கும் எழுதி மாளவில்லை என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து கொண்டுவந்தோம். கோரிக்கை மொத்தமும் அந்த ஸ்டாம்பில். கார்டில் குத்தினால் போதும், கீழே கையெழுத்து. வேலை மளமளவென்று முடிந்தது. பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தோம்.

உதவியாளர் சொன்னது

மூன்று எம்.பி.க்களில் ஒருவரின் அலுவலகத்துக்கு நேரிலேயே போனோம், ஐந்து பேர். எம்.பி. டெல்லியில் இருந்தார், மக்களவை நடந்துகொண்டிருந்தது. உதவியாளர் மரியாதையாக உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். எங்கள் கார்டுகள் வந்திருந்தன, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக் கட்டாக அலமாரியில். ஒரு கட்டை எடுத்துக் காட்டினார். அந்தக் கட்டில் இருந்ததெல்லாம் ஸ்டாம்ப் குத்தியவை.

“தம்பி, கோவிச்சுக்காதீங்க. நூறு கார்டு ஒரே மாதிரி வந்தா எனக்கு அது ஒரு கார்டுதான். எத்தனை வந்துச்சுன்னு சார்கிட்ட நம்பர் சொல்லுவேன். கையால எழுதினது நாலு வந்தா நாலையும் படிச்சுக் காட்டுவேன்.”

அந்த மனிதர் சொன்னதை நான் அன்றைக்கு முழுதாக வாங்கிக்கொள்ளவில்லை. எங்கள் பாட்டியின் தேய்ந்த விரல், ஒரு அக்கா சொல்லி எழுதின “என் பிள்ளை வயசுப் பிள்ளைங்க சாவுது ஐயா” என்ற வரி, இதெல்லாம் முதல்நாள் கார்டுகளில் இருந்தது. இரண்டாம் நாளிலிருந்து நாங்களே அதை அழித்துவிட்டு ஒரு எண்ணாக ஆக்கிவிட்டோம். எம்.பி.யிடம் எண்ணிக்கை போகும், உண்மைதான். ஆனால் எண்ணிக்கை அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஊரே கொதித்துக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது இன்னொன்றையும் கேட்டார். “போரை நிறுத்தணும்னு எழுதியிருக்கீங்க. சார் நாளைக்குக் காலையில சபையில எந்திரிச்சு எதைச் செய்யணும்னு நினைக்கிறீங்க?” எங்கள் ஐந்து பேரிடமும் பதில் இல்லை. “ராஜினாமா செய்யச் சொல்லுங்க” என்று ஒருவன் சொன்னான். அவர் தலையாட்டினார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பின்னால் நான் இதெல்லாம் படித்தேன். இந்தியாவில் போரும் சமாதானமும், வெளியுறவும், ஒப்பந்தங்களும் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. மாநில சட்டமன்றம் தீர்மானம் போடலாம், போட்டது, 2008 நவம்பரில் ஒன்று, 2009 ஜனவரியில் ஒன்று. அந்தத் தீர்மானங்கள் டெல்லியைக் கட்டுப்படுத்தாது. நாடாளுமன்றத்திலும்கூட, ராணுவத்தை வெளிநாட்டுக்கு அனுப்பவோ திரும்ப அழைக்கவோ ஓட்டெடுப்பு வேண்டும் என்று சட்டம் இல்லை, அமைச்சரவை முடிவு செய்தால் போதும். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். ஆகவே “என் எம்.பி. மனசு மாறினால் ஓட்டு மாறும்” என்கிற கணக்கு இங்கே நேராக வேலை செய்யாது.

அப்படியானால் ஒரு எம்.பி.யின் கையில் இருப்பது என்ன? கேள்வி கேட்கலாம், அது ஏற்கப்பட்டால் அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும். அவசர விஷயங்களைப் பேசுகிற பூஜ்ய நேரத்தில் எழுப்பலாம். மக்களவை நடைமுறை விதி 377-இன் கீழ் 250 சொற்களுக்குள் ஒரு விஷயத்தைப் பதிவு செய்யலாம். பொதுமக்களின் மனுவை மேலொப்பமிட்டு சபையில் வைக்கலாம், அது மனுக்கள் குழுவுக்குப் போகும். தன் கட்சிக் கூட்டத்தில் பேசலாம். இவ்வளவும் சின்ன வேலைகள்தான், ஆனால் அவற்றில் பலவற்றுக்குத் தேதி உண்டு, படிவம் உண்டு, அரசின் தரப்பிலிருந்து எழுத்தில் பதில் வாங்க வழி உண்டு.

எங்கள் மூன்று எம்.பி.க்களில் இரண்டு பேர் அப்போது மத்திய அமைச்சர்கள். மயிலாடுதுறையின் மணிசங்கர் ஐயர், தஞ்சாவூரின் எஸ்.எஸ்.பழனிமாணிக்கம். அமைச்சராக இருப்பவர் அரசைப் பார்த்துக் கேள்வி கேட்க முடியாது. கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் அவர். மூன்று பேருக்கும் ஒரே கார்டைப் போட்டோமே, அதில் இரண்டு பேரிடம் நாங்கள் வேறு மாதிரிக் கேட்டிருக்க வேண்டும் என்பதுகூட எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

தேதியையும் பார்க்கவில்லை. மக்களவை அக்டோபர் 17-இல் கூடி 24-இல் ஒத்திவைக்கப்பட்டது. மறுபடி கூடியது டிசம்பர் 10-இல். எங்கள் கார்டுகளில் பாதி போய்ச் சேர்ந்தபோது சபையே இல்லை.

ராஜினாமா கடிதம்

திமுக எம்.பி.க்கள் ராஜினாமா கடிதம் எழுதினார்கள், முதலில் கனிமொழி, அப்புறம் ஒவ்வொருவராக. பேப்பரில் படித்ததும் எங்கள் ஊரில் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தோம். அக்டோபர் 24 அன்று சென்னையில் மழையில் நனைந்தபடி மனிதச் சங்கிலி நின்றது. 21-ஆம் தேதி நடக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போனது.

அந்தக் கடிதங்கள் கட்சித் தலைவரிடம் கொடுக்கப்பட்டன. அரசியல் சாசனத்தின் 101-ஆவது பிரிவு, மக்களவை உறுப்பினர் பதவி விலகுவதானால் தன் கையெழுத்திட்டு எழுத்தில் சபாநாயகருக்கு அனுப்ப வேண்டும், மாநிலங்களவை என்றால் அவைத்தலைவருக்கு, என்று சொல்கிறது. கட்சித் தலைவரின் கையில் இருக்கிற கடிதம் ஒரு எச்சரிக்கை. அந்த எச்சரிக்கைக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. மூன்று மாதம் முன்னால் ஜூலை 22 அன்று மன்மோகன் சிங் அரசு நம்பிக்கை ஓட்டில் 275-க்கு 256 என்று, 19 ஓட்டு வித்தியாசத்தில் தப்பியிருந்தது. திமுகவுக்கு மட்டும் மக்களவையில் 16 பேர். பாமகவின் 6 பேரையும் சேர்த்தால் 22. அந்தக் கணக்கு டெல்லிக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

அதனால்தான் தீபாவளிக்கு முதல்நாள், அக்டோபர் 26 அன்று, வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி சென்னைக்கு வந்தார். பேச்சு நடந்தது. இந்தியா 800 டன் நிவாரணப் பொருள் அனுப்பும், இலங்கை அரசிடம் கவலையைத் தெரிவிக்கும் என்றார்கள். ராஜினாமா பேச்சு அத்தோடு ஓய்ந்தது. கெடு முடிகிற நாளில் எங்கள் தெருவில் வெடித்த பட்டாசுக் குப்பையைப் பெருக்கிக்கொண்டிருந்தோம்.

நான் இதில் கட்சிகளைத் திட்டுவதற்காக வரவில்லை, அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். என் மனதில் நிற்பது வேறு. நாங்கள் கேட்டது “போரை நிறுத்து”. அதற்கு டெல்லி சொன்ன பதில், அது இன்னொரு நாடு, நாங்கள் கவலையைத்தான் தெரிவிக்க முடியும். இந்தப் பதிலைச் சொல்ல முடியாத ஒரு கேள்வி எங்கள் ஊரிலேயே ஒருவரிடம் இருந்தது.

சித்தப்பா

என் சித்தப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட். 1987 கடைசியில் இந்திய அமைதிப்படையோடு இலங்கை போனவர். அந்தக் காலத்தில் அவரிடமிருந்து வரும் இன்லேண்ட் கடிதத்தில் ஊர் பெயர் இருக்காது, 56 ஏ.பி.ஓ. என்றுதான் இருக்கும். என் பாட்டி போஸ்ட்மேனிடம் “இது எந்த ஊருப்பா” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார், அவர் ஒவ்வொரு தடவையும் “அது ஊர் இல்லம்மா, பட்டாளத்து நம்பர்” என்பார்.

அந்தப் படை போனது 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தின்படி, சமாதானம் காக்க. அக்டோபரில் புலிகளோடு யுத்தமாகிவிட்டது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் திரும்பவில்லை. யாழ்ப்பாணத்தில் பொதுமக்கள் பட்ட பாடு, ஆஸ்பத்திரிக்குள் நடந்த கொலைகள், இதெல்லாம் இங்கே தெரியத் தெரிய தமிழ்நாட்டில் படையைத் திரும்பக் கூப்பிடு என்ற குரல் எழுந்தது. ஆனால் 1989 நவம்பர் மக்களவைத் தேர்தலில் அதே தமிழ்நாடு 39-இல் 38 இடத்தைக் காங்கிரஸ், அதிமுக கூட்டணிக்குக் கொடுத்தது. மீதி ஒரே ஒரு இடம் எங்கள் நாகப்பட்டினம், அது இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனது. திமுகவுக்கு ஒன்றுமில்லை. இருந்தும் டெல்லியில் ஆட்சி மாறி வி.பி.சிங் வந்தார், மக்களவையில் ஒரு உறுப்பினர்கூட இல்லாத திமுகவிலிருந்து முரசொலி மாறன் அமைச்சரானார், இலங்கை அதிபர் பிரேமதாசாவே படையைப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1990 மார்ச் 24 அன்று கடைசிக் கப்பல் திருகோணமலையிலிருந்து கிளம்பியது. சென்னையில் நடந்த வரவேற்புக்கு முதல்வர் கருணாநிதி போகவில்லை.

மக்கள் குரல் மட்டும் படையைக் கொண்டுவந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பல காரணம் சேர்ந்தது. ஆனால் “படையைத் திரும்பக் கூப்பிடு” என்கிற கோரிக்கைக்கு “அது இன்னொரு நாட்டு விஷயம்” என்று டெல்லி பதில் சொல்ல முடியாது. அனுப்பியதும் டெல்லி, கூப்பிட வேண்டியதும் டெல்லி.

சித்தப்பா எழும்பூரில் மீட்டர்கேஜ் ரயில் ஏறி வந்து இறங்கிய நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பச்சை டிரங்குப் பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு நேராக ஆற்றுக்குப் போனார். அங்கே நடந்ததை அவர் எங்களிடம் பேசியதே இல்லை. 2008-இல் நாங்கள் கார்டு எழுதும்போது சங்கத்துத் தூணில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர், மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

“ஏன்டா, வவுனியாவுல ரேடார்கிட்ட நம்ம ஆளு ரெண்டு பேருக்கு அடிபட்டதே, படிச்சியா?”

படித்திருந்தேன். செப்டம்பர் 9 அதிகாலையில் வவுனியா படைத்தளத்தைப் புலிகள் தாக்கியதில் காயம்பட்டவர்களில் இரண்டு பேர் இந்திய ரேடார் தொழில்நுட்ப வல்லுநர்கள். இலங்கை விமானப்படைக்கு இந்தியா கொடுத்த ரேடாரைப் பார்த்துக்கொள்ளப் போனவர்கள். போரில் இந்தியாவின் கை எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்று தமிழ்நாட்டுக்குக் கண்ணால் தெரிந்தது அன்றைக்குத்தான்.

“அப்ப அதைக் கேளு. நம்ம ஆளுங்க எத்தனை பேர் அங்க இருக்காங்க, எதுக்கு இருக்காங்க, எப்ப கூப்பிடுவீங்க. அவன் சண்டையை நிறுத்துன்னு கேட்டா அவனைத்தான் கேக்கணும்பான். போனவன் வீட்டுக்கு வரணும்னு கேட்டா இவன்தான் பதில் சொல்லணும்.”

நான் எழுதவில்லை. ஸ்டாம்ப் ஏற்கெனவே செய்தாகிவிட்டது, அதில் போர்நிறுத்தம் என்று பெரிதாக இருந்தது, ரேடார் பற்றிக் கேட்டால் கோரிக்கை சிறுத்துவிடும் என்று எங்களில் படித்தவர்கள் சொன்னோம். ஒரு யுத்தத்தை நிறுத்தச் சொல்லும்போது இரண்டு டெக்னீஷியனைப் பற்றிப் பேசுவதா என்று. சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் தானே ஒரு கார்டு வாங்கி எழுதிப் போட்டார்.

அவர் சொன்னதுதான் சரியான கேள்வி என்று இப்போது நான் முழுதாக நம்புகிறேன். சண்டை போடும் இரண்டு தரப்பும் நம் எம்.பி.யின் பேச்சைக் கேட்கப் போவதில்லை. அந்தச் சண்டைக்கு நம் அரசு கொடுக்கிற ஆள், கருவி, பயிற்சி, மௌனம், இவை நாலும்தான் நம் எம்.பி. தொடக்கூடிய தூரத்தில் இருந்தன. பல கட்சிக்காரர்களும் அந்த மாதத்தில் ராணுவ உதவியை நிறுத்து என்று சேர்த்தே சொன்னார்கள்தான், ஆனால் ஊர்களிலிருந்து போன மனுக்களில் அது நாலாவது ஐந்தாவது வரியாக இருந்தது. அதை முதல் வரியாக, ஒரே வரியாக, பதில் தேதியோடு கேட்டிருக்க வேண்டும்.

மழை

நவம்பர் 26, 27. நிஷா புயல் காரைக்கால் பக்கம் கரையேறியது. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 65 செ.மீ.க்கு மேல் மழை. டெல்டா முழுக்க சம்பா பயிர் தண்ணீருக்குள் போனது. அதே இரவில் மும்பையில் தாஜ் ஓட்டலில் துப்பாக்கிச் சூடு. டெல்லியின் கண் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது, எங்கள் கண் வயலுக்குத் திரும்பிவிட்டது. எப்படித் திரும்பாமல் இருக்கும்? கூரை இடிந்தவர்களுக்குச் சங்கத்தில்தான் சமைத்துப் போட்டோம். மிச்சமிருந்த கார்டுகளில் ஸ்டாம்ப் குத்தியிருந்ததைப் பேனாவால் அடித்துவிட்டு, அதன் கீழே சர்வே நம்பரும் ஏக்கர் கணக்கும் எழுதி நிவாரணம் கேட்டு அனுப்பினோம். போர்நிறுத்தம் என்ற வார்த்தையின் மேல் நானே கோடு போட்டேன்.

டிசம்பர் 4 அன்று கருணாநிதி அனைத்துக் கட்சித் தலைவர்களோடு டெல்லி போய்ப் பிரதமரைப் பார்த்தார். சபை டிசம்பர் 10-இல் கூடியது. கேள்வி அனுப்ப, மனு வைக்க, எங்களுக்குச் சரியான இரண்டு வாரம் அதுதான். அந்த இரண்டு வாரத்தில் போரைப் பற்றி எங்கள் ஊரிலிருந்து ஒரு கடிதம்கூடப் போகவில்லை.

ஜனவரி 2-இல் கிளிநொச்சி விழுந்தது. 29-இல் முத்துக்குமார் என்ற இளைஞர் போரை நிறுத்தச் சொல்லி சென்னையில் தீக்குளித்தார். கல்லூரிகளை மூடினார்கள். மே 13-இல் தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு, 18, 19-இல் எல்லாம் முடிந்தது. கடைசிக் கட்டத்தில் பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று 2011-இல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. இதற்கு மேல் இதைப் பற்றி இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

2012

மூன்று வருடம் கழித்து ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கை மீது தீர்மானம் வந்தது. இந்த முறை தமிழ்நாட்டிலிருந்து போன கோரிக்கை ஒற்றை வரி: இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட வேண்டும். யார் செய்ய வேண்டும், என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், மூன்றும் அதிலேயே இருந்தது. தமிழக எம்.பி.க்கள் கட்சி வித்தியாசமில்லாமல் இரு அவைகளிலும் எழுந்து நின்றார்கள். ஒரு நாட்டைக் குறிவைக்கிற தீர்மானத்தை ஆதரிப்பதில்லை என்று வழக்கமாகச் சொல்லிவந்த அரசு, மார்ச் 19 அன்று மக்களவையில் பிரதமர் வாயாலேயே ஆதரிக்க எண்ணியிருக்கிறோம் என்று சொன்னது. அடுத்த வருடம் மாணவர்கள் இறங்கினார்கள், கல்லூரி கல்லூரியாக உண்ணாவிரதம், திமுக மத்திய ஆட்சிக் கூட்டணியை விட்டே வெளியேறியது, இந்தியா மறுபடியும் ஆதரித்து ஓட்டுப் போட்டது.

அதே மாநிலம், அதே டெல்லி. 2008-இல் இருந்த கோபமும் துக்கமும் 2012-இல் குறைவாக இருந்ததா? அப்படி நான் நினைக்கவில்லை. கேட்ட பொருள் கேட்கப்பட்டவரின் கையில் இருந்தது. காலம் கடந்துபோய், காப்பாற்ற வேண்டியவர்கள் போன பிறகு நாங்கள் அதைக் கற்றுக்கொண்டோம் என்பதுதான் தாங்க முடியாதது.

2012 மார்ச் 22 இரவு 9.15-க்குச் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் ரேடியோ. ஆதரவு 24, எதிர்ப்பு 15, நடுநிலை 8. ஆதரித்தவர்களில் இந்தியா. நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் ரேடியோவை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்.

“அந்தக் கார்டு மிச்சம் ஏதாவது இருக்காடா?”